கணித மாதிரிப் போட்டியும் மூன்று பூச்சிகளும்

கணிதம் என்னுஞ் சொல் செவியில் விழுந்த அளவில் நம்மிற் பலர்க்கு நினைவுக்கு வருவது பரீட்சை மண்டபமேயாகும். வினாவிற்கு வேண்டிய எண்களெல்லாம் வினாவிலேயே அமைந்திருக்கும். வேண்டாத எண் ஒன்றும் அதிற் புகுந்திராது. எந்த அதிகாரத்தின் கீழ் அவ்வினா கேட்கப்பட்டதோ அந்த அதிகாரத்துச் சூத்திரமே அதற்குத் திறவுகோல் என்பதும் மாணாக்கர் அறிந்ததே. நூலின் கடைசிப் பக்கத்து விடையோடு நம் விடை ஒத்தாற் சரி, ஒவ்வாவிடிற் பிழை. இம்முறையிற் குற்றங்காண்பது என் கருத்தன்று. கருவிகளைப் பழகுதற்கு இதனினும் ஏற்ற வழி இல்லை. ஆயினும், உளியைத் தீட்டுவதிலேயே காலமெல்லாம் கழித்து, மரத்தில் ஒருகாலும் கை வையாதவனை யாரும் தச்சன் என்று அழையார்.

உலகியலில் எழும் வினாக்கள் வேறு வகையின. பனி மூடிய கிராமச் சாலைகளை இரண்டு வண்டிகளைக்கொண்டு எவ்வழியாகச் சென்று துப்புரவாக்குவது? விமானத்தில் உள்ள இருக்கைகளினும் மிகுதியாக எத்தனை சீட்டுகளை விற்றால் கம்பெனிக்கு ஆதாயம், எத்தனை விற்றால் அவமானம்? கடலில் விழுந்து மறைந்த விமானத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது? இவற்றில் வேண்டிய எண் பல இரா. வேண்டாத செய்தி பல இருக்கும். இத்தகைய வினாவிலிருந்து இன்றியமையாதனவற்றைப் பிரித்தெடுத்து, மற்றையவற்றை இன்ன காரணத்தால் விடுகிறோம் என்று வெளிப்படச் சொல்லி, எடுத்தவற்றைச் சமன்பாடாகவோ அட்டவணையாகவோ வரைபடமாகவோ அமைத்து, அதனின்று பெற்ற முடிவை மீண்டும் உலகத்தோடு ஒத்துப் பார்க்கும் செயலையே கணித மாதிரி அமைத்தல் என்பர். மேலே கூறிய மூன்று வினாக்களும் முறையே 1990, 2002, 2015 ஆகிய ஆண்டுகளில் ஒரு போட்டியிற் கேட்கப்பட்டவை. அப்போட்டியைப் பற்றியும், அதில் வந்த ஒரு சிறு வினாவைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க, கனடிய கலாசாலை மாணாக்கர் எழுதும் பட்னம் போட்டி 1938ஆம் ஆண்டு தொடங்கியது. முற்பகலில் ஆறு, பிற்பகலில் ஆறு ஆகப் பன்னிரண்டு வினாக்கள். ஆறு மணி நேரம். புத்தகத்தின் துணையுமில்லை, நண்பனின் துணையுமில்லை. மொத்த மதிப்பெண் 120. எழுதுவோரிற் பாதிப்பேர் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு மேற் பெறாத ஆண்டுகள் பல உண்டு என்றால் அதன் கடுமையை உணரலாம். மேரிலாந்து மாகாணத்து ஸாலிஸ்பரி அரசினர் கலாசாலையிற் கணிதம் கற்பித்த பென் புஸாரோ என்பவர், பட்னத்தின் பெருமையைக் குறைக்காமலே, அதற்குத் துணையாக வேறொரு போட்டி வேண்டும் என எண்ணினார். தனியே இருந்து நினைவிலிருந்து எழுதுவது கணிதரின் தொழிலில் ஒரு பகுதியே. கூடியிருந்து, நூல்களைப் புரட்டி, வாதாடி, எழுதித் திருத்துவது மற்றொரு பகுதி. இப்பகுதிக்கென 1985ஆம் ஆண்டு ஒரு போட்டி எழுந்தது. கணிதத்தையும் அதன் பிரயோகங்களையும் வளர்த்தற்பொருட்டு 1980இல் தோன்றியதும், காமாப் எனச் சுருக்கி அழைக்கப்படுவதுமான சங்கம் அதனை நடத்தி வருகிறது. எம். ஸி. எம். என்பது போட்டியின் சுருக்கப் பெயர். 1999இல் ஐ. ஸி. எம். என்னும் உடன்பிறப்பொன்றும் அதனோடு சேர்ந்தது. சூழலியல், ராஜ்ய நிர்வாகம் முதலிய பல துறைகள் கலந்த வினாக்கள் அதற்குரியன.

விதிகள் எளியன. மூவர் கொண்டது ஒரு குழு. வினாத்தாள் வெளியானதுமுதல் ஏறத்தாழ நான்கு நாள் அவகாசம். தொடக்க காலத்தில் இரண்டு வினாக்கள் இருந்தன. இன்று இரு போட்டிகளுக்குமாக ஆறு. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாற் போதும். நூல், பத்திரிகை, கணிப்பொறி ஆகிய உயிரில்லாத துணை எதனையும் நாடலாம். குழுவுக்குப் புறம்பான மனிதர் எவரிடமும் வாய் திறத்தல் ஆகாது. குழுவை அனுப்பிய ஆசிரியரும், வினா வெளியான பின்னர், அதனைப் பற்றி ஒரு சொல்லும் உதவலாகாது. முடிவில் தரவேண்டியது எண் ஒன்றல்ல, முழுக் கட்டுரை. அதன் முகப்பில் ஒரு பக்கச் சுருக்கம். கட்டுரையில் மாணாக்கர் பெயரோ கலாசாலையின் பெயரோ வரலாகாது. குழுவின் இலக்கம் மட்டுமே இருக்கும்.

அமெரிக்க மாணாக்கர்க்கென எழுந்த இப்போட்டி பின்னர்ப் பெற்ற வளர்ச்சி, தொடங்கினவரே எதிர்பாராதது எனலாம். 1989இல் சீன தேசத்துக் குழுக்கள் முதன்முதலாக வந்து சேர்ந்தன. 1992இல் சீனர் தமக்கெனத் தேசீயப் போட்டி ஒன்றை நிறுவினர். அண்மை ஆண்டுகளில் காமாப் போட்டிகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் எழுதுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை சீனக் குழுக்களே. இத்துணைப் பெருந்தொகையினர் எழுதும்பொழுது, நடுவர் ஒவ்வொரு கட்டுரையையும் முதன்முறையே ஊன்றிப் படித்தல் இயலாது. சுருக்கப் பக்கத்தைக் கண்டு மேலே செல்லலாமா என்று தேர்வதே முதற் சல்லடை. அப்பக்கத்தை இறுதி இரவின் கடைசி அரைமணியில் அவசரமாக எழுதும் குழு, மூன்று நாள் உழைப்பையும் அந்த அரைமணியிற் பணயம் வைக்கிறது.

இனி வினாவுக்கு வருவோம். பேரிடர்களும் பெருங்கடலும் வரும் வினாக்கள் பல இருக்க, 1989ஆம் ஆண்டின் முதல் வினாவை நான் தெரிந்தெடுப்பது அது ஒரு தாளிற் பாதியில் அடங்கும் என்பதனாலும், பள்ளிக்கூடக் கணிதமே அதற்குப் போதும் என்பதனாலுமாம். கொசுவை ஒத்த மிகச் சிறிய கடிக்கும் பூச்சியினங்கள் இரண்டு. ஒன்றன் பெயர் அமெரோஹேலியா ஃபாஸியாட்டா. மற்றதன் பெயர் அமெரோஹேலியா ஸூடோஃபாஸியாட்டா. ஸூடோ என்னும் கிரேக்க முன்னொட்டுக்குப் போலி என்பது பொருள். ஆகவே முன்னதை மூலவினம் என்றும், பின்னதைப் போலியினம் என்றும் இங்கே வழங்குவோம். கண்ணாற் பார்த்துப் பிரித்தல் அரிது. குரோகன், விர்த் என்னும் பூச்சியியலார் இருவர் 1981இல் உணர்கொம்பின் நீளத்தையும் சிறகின் நீளத்தையும் அளந்து வெளியிட்டனர். போலியினத்துப் பூச்சிகள் ஆறு; அவற்றின் அளவுகள் மில்லிமீட்டரில், கொம்பு முன்னும் சிறகு பின்னுமாக, இவை: 1.14, 1.78, 1.18, 1.96, 1.20, 1.86, 1.26, 2.00, 1.28, 2.00, 1.30, 1.96. மூலவினத்துப் பூச்சிகள் ஒன்பது: 1.24, 1.72, 1.36, 1.74, 1.38, 1.64; 1.38, 1.82, 1.38, 1.90, 1.40, 1.70, 1.48, 1.82, 1.54, 1.82, 1.56, 2.08.

வினா மூன்று பகுதியுடையது. இவ்விரண்டினுள் ஒன்றைச் சேர்ந்தது என்று மட்டும் தெரிந்த ஒரு பூச்சியை எம்முறையால் இனம் பிரிப்பீர் என்பது முதற் பகுதி. கொம்பும் சிறகும் முறையே 1.24, 1.80, 1.28, 1.84, 1.40, 2.04 என அளவுள்ள மூன்று புதிய பூச்சிகள் எவ்வினத்தன என்பது இரண்டாம் பகுதி. மூலவினம் மகரந்தத்தைக் கொண்டுசென்று பயிருக்கு நன்மை செய்வது என்றும், போலியினம் மனிதரை முடக்கும் நோயைப் பரப்புவது என்றும் வைத்துக்கொண்டால் உமது முறையை மாற்றுவீரோ, மாற்றின் எங்ஙனம் என்பது மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதியில் வரும் நன்மையும் நோயும் வினாவிற்கென வைத்துக்கொண்டவை. பூச்சியியலார் கண்டறிந்தவை அல்ல.

எண்களைச் சற்று உற்று நோக்கினால், போலியினத்திற்குச் சிறகு நீண்டும் கொம்பு குறுகியும் இருப்பது புலனாகும். ஆகவே கொம்பைச் சிறகால் வகுத்துப் பார்ப்பது யார்க்கும் தோன்றும் முதல் எண்ணம். வகுத்தால், போலியினம் ஆறும் 0.602 முதல் 0.663 வரை நிற்கின்றன. மூலவினம் ஒன்பதும் 0.721 முதல் 0.846 வரை நிற்கின்றன. இடையில் யாரும் குடியேறாத வெற்றிடம் ஒன்று உளது. மகிழ்ச்சியோடு, வெற்றிடத்தின் நடுவே, 0.692 என்னும் இடத்தில் வேலி ஒன்று இடுகிறோம். பின் புதிய பூச்சிகளை வகுக்கிறோம்: 0.689, 0.696, 0.686. மூன்றும் அவ்வெற்றிடத்தினுள்ளேயே வந்து அமர்கின்றன! வினா வகுத்தவர் வேண்டுமென்றே பொறுக்கியெடுத்திருத்தல் வேண்டும். எனினும் வேலி வேலியே. அதன்படி முதற்பூச்சி போலி, இரண்டாவது மூலம், மூன்றாவது போலி. இது முதற் குழுவின் விடை என்று கொள்வோம்.

பக்கத்து அறையில் இருக்கும் இரண்டாவது குழு வகுக்கவில்லை. சிறகிலிருந்து கொம்பைக் கழித்தது. அதனிலும் குற்றமில்லை. போலியினத்தில் அவ்வேற்றுமை 0.64க்குக் குறையவில்லை, மூலவினத்தில் 0.52க்கு மேற்படவில்லை. நடுவில் 0.58இல் வேலி. புதியவற்றின் வேற்றுமை 0.56, 0.56, 0.64. ஆகவே முதலிரண்டும் மூலம், மூன்றாவது போலி. முதற்பூச்சி இனம் மாறிவிட்டது. பூச்சி ஒன்றும் அறியாது. மாறியது நாம் கேட்ட கேள்வியே.

மூன்றாவது குழு, ஓரத்தில் நிற்கும் இரு பூச்சிகளை நம்பி வேலியிடுவது நேர்மையன்று என்று கருதி, கூட்டம் முழுவதன் சராசரியையும் எடுத்தது. விகிதத்தின் சராசரி போலியினத்திற்கு 0.637, மூலவினத்திற்கு 0.785, இரண்டின் நடு 0.711. இப்பொழுது புதிய பூச்சிகள் மூன்றும் போலி. நான்காவது குழுவிற் புள்ளியியல் கற்றவன் ஒருவன் இருந்தான். அவன், ‘போலியினம் நெருங்கி நிற்பது, மூலவினம் பரந்து நிற்பது, பரந்த கூட்டத்திலிருந்து சிறிது விலகி நிற்றல் வியப்பன்று, நெருங்கிய கூட்டத்திலிருந்து அதே அளவு விலகி நிற்றல் வியப்பே’ என்றான். அவன் சொல்லிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்தின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் போலியினத்திற்கு 0.020, மூலவினத்திற்கு 0.048 வரும். முதற்பூச்சி போலியினத்துச் சராசரியிலிருந்து 2.6 விலக்கத் தொலைவிலும், மூலவினத்துச் சராசரியிலிருந்து 2.0 விலக்கத் தொலைவிலும் உளது. இரண்டாம் பூச்சிக்கு அவை 2.9, 1.8, மூன்றாம் பூச்சிக்கு 2.4, 2.0. ஆகவே மூன்றும் மூலம்.

நான்கு குழுக்கள், நான்கு விடைகள், ஒன்றோடொன்று ஒத்தது ஒன்றுமில்லை. கூட்டலிலோ வகுத்தலிலோ ஒருவரும் பிழைபடவில்லை. நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுடையவர் இவ்விடத்தில் திகைப்பர். எது சரி என்று என்னைக் கேட்பின், பதினைந்து பூச்சிகளைக்கொண்டு இம்மூன்றைப் பற்றித் துணிந்து சொல்லத் தக்க ஆதாரம் இல்லை என்பதே சரி என்பேன். அதனைச் சொல்வதற்கும் கணிதம் வேண்டும். இதோ அவ்வெண்களை மறுபடி பாருங்கள்: கொடுக்கப்பட்ட அளவுகளில் எந்த எண்ணும் ஒற்றைப்படையில் முடியவில்லை. 1.24 உண்டு, 1.28 உண்டு, 1.25 எங்கும் இல்லை. அளந்த கருவியின் மிகச் சிறிய படி 0.02 மில்லிமீட்டர் என்பது இதனாற் பெறப்படும். அப்படியாயின் 1.24 என்று எழுதியது உண்மையில் 1.25 வரை இருந்திருக்கலாம். முதற்பூச்சியின் கொம்பை 1.25 எனக் கொண்டு வகுத்தால் 0.694 வரும், முதற்குழுவின் வேலியைத் தாண்டி அது மூலவினமாகிவிடும். இரண்டாம் பூச்சியின் கொம்பை 1.28க்குப் பதில் 1.27 எனக் கொண்டால் 0.690 வந்து, அது போலியினமாகிவிடும். கருவியின் ஒரு கோட்டில் பாதி இப்பக்கமோ அப்பக்கமோ சாய்ந்தால் இனமே மாறும் முடிவை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அது உறுதிப்படாது. இங்ஙனம் அளவையும் எடுகோளையும் சிறிது அசைத்து முடிவு அசைகிறதா என்று பார்ப்பதை நுண்ணுணர்ச்சிச் சோதனை எனலாம். இப்போட்டியின் நடுவர்கள் ஆண்டுதோறும் தேடுவதும், பெரும்பான்மைக் கட்டுரைகளில் காணாமற் போவதும் இதுவே. கடினமான சமன்பாடுகளைப் பத்துப் பக்கம் நிறைத்து, அசைத்துப் பார்க்காமல் முடித்த கட்டுரையைக் காட்டிலும், எளிய வகுத்தலைச் செய்து அதன் பலவீனத்தைத் தானே எடுத்துக்காட்டிய கட்டுரை மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொன்றும் உண்டு. அளந்தவை மூலவினம் ஒன்பதும் போலியினம் ஆறுமாம். காட்டிலும் இவை ஒன்பதுக்கு ஆறு என்னும் வீதத்தில்தான் வாழ்கின்றனவா? பூச்சியியலார் கைக்கு எட்டியதை அளந்தனர், அவ்வளவே. ஒரு வட்டாரத்தில் போலியினம் நூற்றுக்கு ஒன்றாக இருக்குமாயின், ஐயத்துக்கிடமான பூச்சியைப் போலி என்று சொல்லத் தயங்கவே வேண்டும். வினாவில் இல்லாத இச்செய்தியை நாம் எடுகோளாக வைக்கலாம். வைத்தோம் என்பதை மறைத்தல் மட்டும் கூடாது.

மூன்றாம் பகுதியே வினாவின் உயிர். ஆதாரம் போதாது என்று சொல்லிக் கைகட்டி நிற்பது ஆராய்ச்சியாளர்க்குத் தகும். சுகாதார அதிகாரிக்குத் தகாது. பூச்சி அவர் முன்னே பறந்துகொண்டிருக்கிறது. மருந்து தெளிப்பதா விடுவதா என்று இன்றே சொல்லியாக வேண்டும். இருவகைப் பிழைகள் நேரக்கூடும். நல்ல பூச்சியைக் கொன்றுவிடலாம். நோய்ப் பூச்சியை விட்டுவிடலாம். முன்னதால் வரும் நஷ்டத்தை 1 என்றும், பின்னதால் வரும் நஷ்டத்தை 10 என்றும் வைப்போம். ஒரு பூச்சி போலியாக இருப்பதற்கான வாய்ப்பு ப என்று கொண்டால், விட்டுவிடுவதால் எதிர்பார்க்கத் தக்க நஷ்டம் 10 ப; கொல்வதால் எதிர்பார்க்கத் தக்கது 1 கழித்தல் ப. இரண்டும் சமமாவது ப பதினொன்றில் ஒரு பங்காக உள்ளபொழுது. எனவே போலியாக இருக்கப் பதினொன்றில் ஒரு பங்கிற்கு மேல் வாய்ப்பிருந்தாலே அதனை நோய்ப் பூச்சியாக நடத்துதல் வேண்டும். வேலி நடுவில் நிற்பது இனிப் பொருந்தாது. மூலவினத்தின் ஓரமாகிய 0.721ஐ நோக்கி அதனைத் தள்ளியாக வேண்டும். தள்ளினால், முன்னே நான்கு குழுக்களும் வழக்காடிய மூன்று பூச்சிகளும் ஒரே பக்கத்தில் விழுந்துவிடுகின்றன. இனம் எதுவென்று நமக்கு இப்பொழுதும் தெரியாது. செய்ய வேண்டியது எதுவென்று தெரிந்துவிட்டது.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? கணிதத்திலிருந்து வரவில்லை. நோயுற்றோர் படும் துன்பம் எவ்வளவு என்பதை மருத்துவரும், மகரந்தம் சேராமற் போனால் எவ்வளவு விளைவு குன்றும் என்பதை உழவரும் சொல்ல வேண்டும். பயிரையே நம்பி, வேறு உணவுக்கு வழியில்லாத ஓர் ஊரில் அவ்வெண் பத்தாக இராது, இரண்டாகவும் இருக்கலாம். அப்பொழுது வேலி மறுபடி நகரும். இளங்கணிதர் தம் கட்டுரையில் இதனை ஒளியாமல் எழுதி, எண்ணை மாற்றினால் வேலி எவ்வளவு நகரும் என்று ஓர் அட்டவணையும் இட்டுவிட்டால், தீர்மானிக்க உரியவர் தீர்மானித்துக்கொள்வர். எழுதாமல், ‘கணிதத்தால் நிரூபிக்கப்பட்டது’ என்று கூறிவிட்டால், ஒருவருடைய விருப்பத்துக்குக் கணிதத்தின் சட்டையை மாட்டிவிட்டதாகும். வேண்டிய முடிவை முதலில் வைத்துக்கொண்டு, அதனைத் தரும் முறையைப் பின்னர்த் தேடுவது மிக எளிது என்பதை மேற்கண்ட நான்கு குழுக்களே காட்டுகின்றன. மூன்றும் மூலம் என்று முடிவு வேண்டுவோர்க்கு நான்காம் முறை ஆயத்தமாக இருக்கிறது. மூன்றும் போலி என்று வேண்டுவோர்க்கு மூன்றாம் முறை. முறையைக் காணாமல் முடிவை மட்டும் காணும் பொதுமக்களுக்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்? மழையளவு, மருந்தின் பயன், அணையின் உறுதி, வரியின் விளைவு என்று நாள்தோறும் நம் முன் வைக்கப்படும் எண்கள் யாவும் இத்தகைய மாதிரிகளின் வாயிலிருந்தே வருகின்றன என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இப்பயிற்சி கணித மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

மற்றைய ஆண்டு வினாக்கள் இத்துணைச் சிறியன அல்ல. 2016இல், குளியல் தொட்டியில் ஆறிவரும் நீரைக் குழாயிலிருந்து சிறுகச் சிறுக வெந்நீர் விட்டு ஒரே சூட்டில் வைப்பது எங்ஙனம், நீரும் வீணாகாமல், என்று கேட்டனர். தொட்டியின் வடிவம், குளிப்பவரின் பருமன், அவர் கையசைத்து நீரைக் கலக்குதல், நுரைச் சோப்பு என எல்லாம் வினாவில் உண்டு. வெப்பம் பரவுதல் பற்றிய உயர் கணிதம் முழுவதும் இதனுட் புகுதற்கு இடமுண்டு. ஆயினும் இறுதியிற் கேட்டது, குளிப்பவர் படித்து விளங்கிக்கொள்ளத் தக்கதாக ஒரு பக்க விளக்கம்! சமன்பாட்டை அறியாத ஒருவருக்கு அதன் பயனைச் சொல்லத் தெரியாவிடில் வேலை முடியவில்லை என்பது வினா அமைப்போரின் கொள்கை. நம் மாணாக்கர் கணிதத்தில் தேர்ச்சியுற்றும் இவ்விடத்திற் பின்னடைவதற்குக் காரணம், கணித வகுப்பில் வாக்கியம் எழுத யாரும் கேளாமையே என்று எண்ணுகிறேன். மொழி வகுப்பும் கணித வகுப்பும் எதிரெதிர் மாளிகைகளில் நடப்பதனால் இரண்டுக்கும் உறவில்லை என்று மாணாக்கர் முடிவு கட்டிவிடுகின்றனர்.

அண்மை ஆண்டுகளில் ஒரு புதுச் சிக்கல் தோன்றியுள்ளது. செயற்கை அறிவுக் கருவிகள் கேட்டதற்கெல்லாம் எழுதித் தருகின்றன. காமாப் சங்கம் அவற்றை விலக்காமல், பயன்படுத்திய குழு எக்கருவியை எதற்காகப் பயன்படுத்தியது என்பதை அறிக்கையாக இணைத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. உயிரில்லாத துணை எதனையும் நாடலாம் என்ற பழைய விதிக்கு இது ஒத்ததே. பூச்சி வினாவை அத்தகைய கருவியிடம் கொடுத்தால் நான்கு முறைகளுள் ஒன்றைத் தயங்காமல் தந்துவிடக்கூடும். நான்கையும் வரிசைப்படுத்தியும் தரலாம். ஆனால் பத்து என்னும் எண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கையொப்பமிட வேண்டியவர் அக்குழுவின் மூவரே.

மூவர் என்ற தொகையும் ஆராய்ந்து வைத்ததாகவே தோன்றுகிறது. இருவராயின் வழக்கு முடியாது. நால்வராயின் ஒருவர் உறங்குவார். கணக்கில் வல்லவர் மூவரைச் சேர்ப்பது முதலிற் கவர்ச்சியாகத் தோன்றும். அத்தகைய குழு மூன்றாம் நாள் இரவில், எழுதத் தொடங்கும்பொழுது, தம்முள் ஒருவருக்கும் ஒரு பத்தி ஒழுங்காக எழுத வாராது என்று கண்டுகொள்ளும். கணக்கறிந்தவர் ஒருவர், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதத் தெரிந்தவர் ஒருவர், தெளிவாக எழுதத் தெரிந்ததோடு ‘ஏன்?’ என்று அலுக்காமற் கேட்கும் குணமுடையவர் ஒருவர் என்று அமைதல் நலம். இம்மூன்றாமவர் பௌதிக வகுப்பிலிருந்தோ பொருளாதார வகுப்பிலிருந்தோ வரலாம். தாவர சாஸ்திர வகுப்பிலிருந்து வந்தாலும் குறைவில்லை. பூச்சி வினாவில் அவரே தலைவராகியிருப்பார்.

பங்குகொள்ள விரும்புவோர்க்குச் சில செய்திகள். போட்டி ஆண்டுதோறும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ நடைபெறும். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு வினாக்கள் வெளியாகும். நம் கடிகாரத்தில் அது வெள்ளிக்கிழமை விடியுமுன் 3.30 மணி. மாணாக்கர் ஆசிரியர் ஒருவர் மூலமாகவே பெயர் பதிதல் வேண்டும். நம் கலாசாலைத் தேர்வுகளும் விளையாட்டு விழாவும் அப்பருவத்திலேயே வருவதால், முன்னதாகவே ஆசிரியரிடம் பேசி வைத்தல் நன்று. 1985 முதலான பழைய வினாக்களும், சிறந்தவையெனத் தேர்ந்த கட்டுரைகள் பலவும் அச்சேறியுள்ளன. ஒரு பழைய வினாவை எடுத்து, ஒரு சனி ஞாயிறு முழுவதும் மூவராக உட்கார்ந்து எழுதிப் பார்த்த பின்னரே அவ்வினாவுக்குரிய பரிசுக் கட்டுரையைப் படித்தல் வேண்டும். முன்னரே படித்தால் பயனிற் பாதி போய்விடும்.

அதற்கும் முன்பாகச் செய்யத் தக்கது ஒன்று உண்டு. மேலே தந்த பதினைந்து பூச்சிகளையும் கட்டத்தாளில், கொம்பைக் கிடையிலும் சிறகை நெடுக்கிலும் வைத்து, புள்ளிகளாக இடுக. இரு கூட்டத்தையும் பிரிக்கும் நேர்கோடு ஒன்றை, விகிதம் வேற்றுமை என்னும் இரண்டையும் மறந்து, கண்ணளவால் வரைக. பின்னர் மூன்று புதிய பூச்சிகளையும் இட்டு, அவை எப்பக்கம் விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, கோட்டை அவ்விடத்தில் வரைந்ததற்குக் காரணம் யாதென அரைப் பக்கம் எழுதி, அடுத்த இருக்கையிலுள்ள தோழரிடம் கொடுத்துக் கோட்டைத் தொடாமல் மறுப்பு எழுதச் சொல்லுக.